தொட்டிக்காரியின் பெருவிரல்

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்த வியாதி. இதை நானே ஒத்துக்கொள்ள ஐம்பது வயது ஆயிற்று. என் மனைவி கல்யாணமான மூன்றாம் நாளே சொல்லிவிட்டாள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் ஒரு சொட்டை நகத்தின்மேல் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன்னா, பாலை மட்டும் விசாரிச்சா எப்படி? மாட்டையும் ஒரு நடை போய் விசாரிச்சுட்டு வந்துடுங்கோளேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் மாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நான் சட்டைப்பையில் போட்டதில்லை. அந்த ரூட்டில் போகிறவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

எனக்குப் பிழைப்பு கொடுத்ததும் இந்தப் புத்திதான். ஐம்பதுகளின் பின்பாதியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளாக இருந்தேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் இடது கைப் பெருவிரலை மையில் உருட்டிப் பத்திரத்தில் வைக்கச் செய்வது என் வேலை. அதற்கும் பக்குவம் வேண்டும். அழுத்தினால் மை ஈஷிக்கொள்ளும், பயந்து பயந்து தொட்டால் நடுச்சுழி விழாது. எழுத்தர் வைத்திருந்த பூதக்கண்ணாடியை வாங்கி, ஒழிந்த நேரமெல்லாம் பழைய பத்திரங்களின் ரேகைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு தடவை, வெளியூரில் இருந்த அண்ணனின் பேரில் தம்பி வந்து உட்கார்ந்து, கூசாமல் விரலை நீட்டினார். பழைய பத்திரத்தில் அண்ணனின் விரலில் இருந்தது வட்டச் சுழி. இவருடையது சங்கு போல ஒரு பக்கம் சாய்ந்து ஓடியது. கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மனிதர்கள் பேசுவதை நம்பாதே, விரலை நம்பு என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெயர் எப்படியோ ஒரு கட்டட கான்ட்ராக்டரின் காதுக்குப் போயிற்று. அறுபதுகளின் தொடக்கம் அது. திருவெறும்பூர்ப் பக்கம் தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி வரிசை வரிசையாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் சில வரிசைகள் அவருடைய பொறுப்பு. இருநூறு ஆள் வேலை செய்தார்கள், பாதிக்கு மேல் சித்தாள்கள், அதாவது கல்லும் சாந்தும் சுமக்கிற பெண்கள். அவர்களுக்குள் ஆள் மாற்றி வருவது சர்வ சாதாரணம். அக்காவுக்குப் பிரசவம் என்றால் அக்கா பேரில் தங்கை வருவாள், மாமியாருக்கு முடியவில்லை என்றால் மருமகள் வருவாள். அப்படி வந்த ஒருத்தி சாரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பதிவேட்டில் இருந்த பேர் ஒன்று, விழுந்த ஆள் வேறு. அதற்குப் பதில் சொல்லக் கான்ட்ராக்டர் போலீஸ் ஸ்டேஷன் வரை போக வேண்டியிருந்தது. "இனிமே என்கிட்ட இந்த வேலை நடக்கக் கூடாது ஐயரே" என்று என்னை டைம்கீப்பராக வைத்தார். நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது ஏறவில்லை, விட்டுவிட்டேன்.

என் ஏற்பாடு இதுதான். சேரும்போது ஒரு பெருவிரல் ரேகை. பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை காலையில், தகரக் கொட்டகை வாசலில் எல்லோரும் வரிசையாக வந்து மறுபடி ரேகை வைக்க வேண்டும். அடிபட்டவர்களுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. பதிவேட்டில் உள்ள ஆள் என்று நான் சீட்டு எழுதிக் கொடுத்தால் கான்ட்ராக்டரின் ஜீப் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடும், குணமாகித் திரும்பும்வரை அந்த ஆளின் இடமும் இருக்கும். சீட்டு இல்லையென்றால் இரண்டும் இல்லை. முதல் மாதத்திலேயே மூன்று பேரைப் பிடித்தேன். பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருப்பதால் "கண்ணாடிச் சாமி" என்று பெயர் வைத்தார்கள். கேலி என்று தெரியும். இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. தலையில் சும்மாடு, அதன்மேல் துண்டு, புருவம்வரை சிமெண்டுத் தூசி. எல்லோரும் ஒன்றாகத்தான் தெரிந்தார்கள். வரிசையில் ஒரு கை வரும், மையில் உருட்டுவேன், தாளில் வைப்பேன், அடுத்த கை வரும். கைதான் எனக்கு ஆள்.

தை மாதம் பொங்கல் கழிந்து ஒரு பெண் சேர்ந்தாள். இருபத்தைந்து வயது என்று சொன்னாள், சொன்னதை எழுதிக்கொண்டேன். ரேகை அருமையாக விழுந்தது. நல்ல வட்டச் சுழி, பக்கத்தில் எப்போதோ அரிவாள் பட்ட ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. மேஸ்திரி அவளைத் தொட்டிக்கு அனுப்பினார்.

தொட்டி என்றால் செங்கல் ஊறப்போடும் தொட்டி. காய்ந்த செங்கலை அப்படியே வைத்துக் கட்டினால் அது சாந்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், சுவர் நிற்காது. அதனால் குமிழி அடங்கும்வரை தண்ணீரில் போட்டு ஊறவைத்து, இரண்டு இரண்டாக எடுத்துச் சாரத்தின்மேல் இருக்கிற ஆளுக்கு வீச வேண்டும். கொத்தனார்கள் கரண்டியையும் சட்டியையும் அதே தொட்டியில்தான் அலசுவார்கள், அதனால் தண்ணீர் எப்போதும் சுண்ணாம்பும் சிமெண்டுமாக வெளுத்துக் கிடக்கும். மற்ற வரிசைகளில் தொட்டி வேலையை ஆள் மாற்றி மாற்றிப் போடுவார்கள். இந்த வரிசையின் மேஸ்திரி மாற்றவில்லை. அவள் வீசினால் கல் குறி தப்பாது, சாரத்தில் இருப்பவன் குனிய வேண்டாம், வேலை மளமளவென்று ஏறும். காலை முதல் சாயங்காலம்வரை அவள்தான். எல்லோரும் அவளைத் தொட்டிக்காரி என்றே கூப்பிட்டார்கள்.

இருநூறு விரலையும் வாரா வாரம் ஒப்பிட முடியாது, முறை போட்டுத்தான் பார்ப்பேன், பழைய வாரத் தாள்களைக் கிழித்தும் போட்டுவிடுவேன். சித்திரை கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவள் வைத்த ரேகையைப் பார்த்தேன். ரேகையே இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான்.

"என்னம்மா இது, மறுபடி வை" என்றேன். வைத்தாள். அதே திட்டு. விரலைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். கழுவிவிட்டு வந்தாள். நானே கையைப் பிடித்து உருட்டினேன். மழமழவென்று இருந்தது. மற்ற விரல் நுனிகளில் கந்தல் துணி சுற்றியிருந்தாள், அதில் அங்கங்கே ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"ரேகை எங்கே?"

"தேஞ்சு போச்சு சாமி. செங்கல்லு தின்னுடுச்சு."

எனக்கு அப்படியொரு சிரிப்பு வந்தது. "ஏம்மா, யாருக்குக் காது குத்தறே? எனக்கு எப்பவோ குத்தியாச்சு. ரேகை தேயறதாவது! உடம்போட பிறந்தது, கட்டையில போறவரைக்கும் அப்படியே இருக்கும்."

"நெசமாத்தான் சாமி. தண்ணியில ஊறி ஊறி தோலு மெத்துனு ஆயிடுது. கல்லு ராவி எடுத்துடுது. ராத்திரி சோத்துல கை வெக்க முடியல, எரியுது."

வரிசையில் பின்னால் இருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். மேஸ்திரி வந்து, "அவதான் சாமி இவ. மூணு மாசமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" என்றார். அவ்வளவுதான், என் சந்தேகம் ஒன்றுக்கு மூன்றாயிற்று. இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை? இவரும் இதில் உடந்தையோ? அவளுக்கு ஒரு தங்கை இருப்பதாகவும் அச்சாக அவளைப் போலவே இருப்பாள் என்றும் ஜீப் டிரைவர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. போதுமே! அக்கா வீட்டில் இருக்கிறாள், தங்கை வருகிறாள், ரேகை பிடிபடாமல் இருக்க விரலை எதிலோ தேய்த்துக்கொண்டு வருகிறாள், மற்ற விரல்களை மறைக்கத்தான் துணி. கணக்கு எனக்கு அப்படியே பொருந்திவிட்டது. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். ஊர் முன்சீப்பிடம் போய், நீதான் நீ என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவேன் என்றேன்.

அவள் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போனாள். கடிதம் இல்லாமல் திரும்பினாள். "முன்சீப் ஐயா ஊர்ல இல்லீங்க சாமி. அடுத்த வாரம் வருவாராம்." நான் நம்பவில்லை. அடுத்த வாரமும் அவர் வரவில்லை என்றாள். அதையும் நம்பவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே கறுப்புத் திட்டு. அவள் தலையைக் குனிந்துகொண்டே போனாள். திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டேன். முழியை எங்கே பார்த்தேன், எல்லாம் என் கற்பனைதான்.

வைகாசியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். வாசற்படிகளுக்கான கருங்கல் லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பலகையைச் சாய்வாகப் போட்டு, கல்லை மெல்ல நகர்த்தி, கீழே நிற்பவர்கள் ஓரத்தைப் பிடித்து வாங்கி வைக்க வேண்டும். அன்று இரண்டு ஆண்கள் வரவில்லை. மேஸ்திரி தொட்டியில் இருந்தவளைக் கூப்பிட்டார். துணி வழுக்கும் என்று அவள் விரல்களில் சுற்றியிருந்ததை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து பிடித்தாளாம். மற்றவர்கள் பக்கம் கல் நின்றது, அவள் பக்கம் நிற்கவில்லை. "பிடி கெடைக்கல, பிடி கெடைக்கல" என்று இரண்டு தடவை கத்தியிருக்கிறாள். மூன்றாவது தடவை கத்துவதற்குள் கல் அவளுடைய வலது பாதத்தின்மேல் இறங்கிவிட்டது.

நான் கொட்டகையில் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு எழுந்தேன். ஜீப் டிரைவர் ஓடிவந்தார். "சாமி, தொட்டிக்காரிக்குக் கால்ல கல்லு விழுந்துடுச்சு. சீட்டு எழுதுங்க, வண்டியை எடுக்குறேன்."

நான் எழுதவில்லை. அந்தக் கேள்விக்குறி கண்ணில் பட்டது. ஆள் மாறி வந்தவளுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நாளைக்கு அது வெளியே வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப் போவது யார்? கான்ட்ராக்டரும் அன்று சைட்டில் இல்லை. பதிவேட்டையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கல் இறங்கிய இடத்துக்குப் போனேன். ஆமாம், மைப்பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனேன். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவி ஒருத்தியைத் தவிர.

அவள் மணல் குவியலில் சாய்ந்து கிடந்தாள். பாதத்தில் யாருடைய துண்டையோ சுற்றியிருந்தார்கள், அது நனைந்து மணலும் நனைந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கையைக் கொடும்மா" என்றேன். அவளே இடது கையை நீட்டினாள். மையில் உருட்டி, பதிவேட்டில் வைத்தேன். கறுப்புத் திட்டு.

"நான்தான் சாமி" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"இதுல ஒண்ணுமே விழலையேம்மா."

"நான்தான் சாமி, நான்தான்."

"சாமி, மனுசனா நீங்க?" என்று மேஸ்திரி கத்தினார். நான் சட்டம் பேசினேன். சந்தேகம் தீராமல் சீட்டு கொடுக்க முடியாது, கான்ட்ராக்டர் வந்து சொன்னால் எழுதித் தருகிறேன் என்றேன். டிரைவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டு இல்லாமல் வண்டியை எடுத்தால் அவருக்கு வேலை போய்விடும், பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். மேஸ்திரி தரையில் காறித் துப்பிவிட்டு, செங்கல் கொண்டுவந்த மாட்டு வண்டியில் வைக்கோலைப் போட்டு அவளைத் தூக்கி ஏற்றினார். ஜீப்பில் அரைமணிக்குள் போயிருக்கலாம். வண்டி டவுனுக்குப் போய்ச் சேர மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று.

இரண்டு நாள் கழித்துக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. கல் விழுந்த கால் எப்படியும் போயிருக்கும், வண்டியில் போனாலும் ஜீப்பில் போனாலும் அதுதான் நடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதையும் விசாரிக்காமல் விட்டதில்லை என்று மார்தட்டியவன், அதை மட்டும் விசாரிக்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்த கான்ட்ராக்டர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "நல்ல வேளை ஐயரே, மாட்டி விட்டிருப்பாங்க" என்று என் தோளைத் தட்டினார். அவள் பேரை அடித்தேன். அவர் தட்டியது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். நான் எவ்வளவு உஷார் என்று காட்டிக்கொள்ளத்தான் ஆரம்பித்தேன். ரசம் விட்டுக்கொண்டிருந்த மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "ரத்தம் கொட்டிண்டிருக்கறச்சே அவ கையைப் பிடிச்சு மையில வெச்சேளா?" என்று கேட்டாள். சட்டம் அப்படி என்றேன். "பெருமாளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னைப் பால் விஷயத்தில்கூடக் கேலி செய்யவில்லை. அந்தக் கேலி இல்லாமல் வீடு என்னவோ போலிருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை வரிசையில் புதிதாக ஒரு கை வந்தது. பேர் கேட்டேன், சொன்னாள். ஊர் கேட்டேன். தொட்டிக்காரியின் ஊர். தங்கை! என் சந்தேகம் மறுபடி துள்ளி எழுந்தது. "ஓகோ, இப்போ சொந்தப் பேர்லேயே வந்தாச்சா?" என்றேன். அவள் விரலை நீட்டினாள்.

உருட்டி வைத்தேன். அத்தனை கோடுகளும் பளிச்சென்று விழுந்தன. சாய்ந்து ஓடும் சங்கு, ஒரு இடம்கூட அழியவில்லை.

எனக்கு உள்ளே ஏதோ இடறியது. இத்தனை நாளாக அக்கா பேரில் வந்து போனவள் இவள்தான் என்றால், விரலைத் தேய்த்துத் தேய்த்து அழித்தவள் இவள்தான் என்றால், இவள் விரல் இப்படியா இருக்கும்? பத்து நாளில் ஆறிவிட்டதோ என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஒட்டவில்லை. மேஸ்திரி அவளைத் தொட்டிக்கே அனுப்பினார், அக்கா விட்ட இடத்துக்கு.

அதற்குப் பிறகு ஆறு திங்கட்கிழமைகள். முதல் வாரம் ரேகை நன்றாக இருந்தது. இரண்டாம் வாரம் நுனியில் கோடுகள் மங்கின. மையை மாற்றினேன், தாளை மாற்றினேன். மூன்றாம் வாரம் நடுவில் ஒரு வெள்ளைக் கீறல், தோல் வெடித்த இடம். நான்காம் வாரம் அவள் மூன்று விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். ஐந்தாம் வாரம் ஓரத்தில் மட்டும் நாலைந்து கோடு மிச்சம் இருந்தது, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அதைத் தேடித் தேடிப் பார்த்தேன். அழிந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை. அழிந்தால் நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆறாம் வாரம் கறுப்புத் திட்டு.

நான் அவளை மறுபடி வைக்கச் சொல்லவில்லை. அவளாகவே மறுபடி வைத்தாள். "இன்னொரு தடவை கழுவிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் என்னை அறைந்தது. என் கண்ணெதிரில், என் மையில், என் தாளில், இதே சைட்டில் ஒரு பெண்ணின் ரேகை ஒன்றரை மாதத்தில் தேய்ந்து மறைந்துவிட்டது. செங்கல் தின்னும் என்று அவள் அக்கா முதல் நாளே சொன்னாள். நான் சிரித்தேன்.

மத்தியானம் மேஸ்திரியிடம் போய் நின்றேன். அவர் என்னோடு பேசுவதை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. "அவளுக்கு ஏதாவது செய்யணும்" என்றேன். அவர் சுண்ணாம்பைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "காலு போனவளுக்கு வேற எங்க வேலை கெடைக்கும் சாமி? தொட்டி வேலைக்குக் காலு எதுக்கு? உக்காந்துக்கிட்டே கல்லை ஊறப்போட்டு எடுத்துக் குடுக்கட்டும். வீசறதைத் தங்கச்சி பாத்துக்குவா. கூப்பிட்டா வருவா, எனக்குத் தெரியும்" என்றார். கான்ட்ராக்டர் லேசில் மசியவில்லை. "அடிச்ச பேரை ஏன் கிளறுறீங்க? சரி, அந்தப் பொண்ணுதான் இந்தப் பொண்ணுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா பொறுப்பு உங்க தலையில" என்றார். தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டையும் மைப்பெட்டியையும் பையில் வைத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே. கூரைவீட்டு வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலைத்தான் நீட்டியிருந்தாள். அன்றுதான் முதல்முதலாக அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன முகம், இடது கன்னத்தில் ஒரு மச்சம். அந்த மச்சம் இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒரு தடவை விரலை வெக்கறியாம்மா?" என்று கேட்டேன். எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. இன்னும் எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது, பாருங்கள்.

புளியைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள். வைத்தேன். வட்டச் சுழி, பக்கத்தில் அரிவாள் வெட்டுத் தழும்பு. தை மாதம் வைத்த ரேகைக்குப் பக்கத்தில் பிடித்தேன். கோட்டுக்குக் கோடு அதேதான். இரண்டு மாதமாகச் செங்கல்லைத் தொடாததால் தோல் வளர்ந்து, ரேகை திரும்பி வந்துவிட்டது.

"இப்ப நான்தானா சாமி?" என்றாள்.

தலையை அசைத்தேன்.

"தொட்டியிலதான உக்காரணும்? அப்ப மறுபடியும் அழிஞ்சு போயிடுமே. அழிஞ்ச பெறகும் நான்தான்னு இப்பவே எழுதிக் குடுத்துடுங்க. சும்மா எழுதாதீங்க, அடிபட்டா வண்டியில ஏத்தணும்னும் எழுதுங்க. என் தங்கச்சிக்கும் அதே மாதிரி எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இவள் விரலில் ரேகை இல்லாமல் போனாலும் ஆள் இவளே, இவள் தங்கைக்கும் அப்படியே, அடிபட்டால் இருவரையும் ரேகை கேட்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது, இவளுக்குச் சீட்டு மறுத்தது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது.

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளவில்லை. "ஏ, பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைக் கூட்டியா" என்றாள் தங்கையிடம். சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் படிச்சுக் காட்டறேனே" என்றேன். "வேணாம் சாமி, அவுங்க படிக்கட்டும். தப்பா நெனைக்காதீங்க" என்றாள். டீச்சரம்மா சத்தமாகப் படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும் படித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, பிறகு கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டேன்.

"கீழ அவரு கையெழுத்து இருக்குங்களா?"

"இருக்கு."

"அவரோடதுதானா?"

டீச்சரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது எனக்கு எப்படிம்மா தெரியும்? ஏதோ கையெழுத்து, அவ்வளவுதான்."

அவள் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, என் மைப்பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"பெருவிரலை வைங்க சாமி" என்றாள்.

உருட்டி வைத்தேன். என்னுடைய ரேகை ஒரு கோடுகூட அழியாமல் அப்படியே விழுந்தது.